ஒன்பது நாள் லீவும் காட்டுப்பாதையும்

வணக்கம் ஐயா,

நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன், கொழும்பில் வேலை. இந்த முறை கதிர்காமத்துக்கு நடந்து போக முடிவு செய்திருக்கிறேன். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்கிருந்தே தொடங்க நினைக்கிறேன். போன் மாப்பில் போட்டுப் பார்த்தேன், 230 கிலோமீற்றருக்கு மேல் காட்டுகிறது. நான் தினமும் ஓடுகிறவன், மணிக்கு 6 கிலோமீற்றர் சுலபமாக நடப்பேன். ஒரு நாளைக்கு 30 என்று வைத்தால் எட்டு நாள், ஒரு நாள் மிச்சம். ஒன்பது நாள் லீவு எடுத்திருக்கிறேன். இந்தக் கணக்குச் சரிதானா? சப்பாத்துப் போட்டு நடக்கலாமா, வெறுங்காலா? பொதி எவ்வளவு பாரம் இருக்கலாம்? அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு 64 வயது. உங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கணக்குப் பிழை. முதல் பிழை மாப்பில் இருக்கிறது. அது உங்களுக்குக் காட்டுவது பஸ் போகிற வழி. பொத்துவில்லில் கடற்கரையை விட்டுத் திரும்பி, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று உள்ளே சுற்றிக்கொண்டு கதிர்காமம் போகிறது அது. நடக்கிற ஆக்கள் பொத்துவில்லில் திரும்புவதில்லை. அறுகம்பை தாண்டி, பாணமை தாண்டி, உகந்தை மலை முருகனிடம் போய், அங்கிருந்து குமுனைக் காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து யாலக் காட்டுக்குள் நுழைந்து நடப்பார்கள். மாமாங்கத்திலிருந்து உகந்தை வரை றோட்டுக் கணக்கில் 140 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அதற்கப்பால் காடு 80க்கும் 100க்கும் இடையில். கூட்டிப் பார்த்தால் மாப் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும், அதை வைத்துச் சந்தோசப்பட வேண்டாம். தார் றோட்டு 30 கிலோமீற்றரும் காட்டு மணல் 30 கிலோமீற்றரும் ஒன்றல்ல.

இரண்டாவது, காட்டு வாசல். உகந்தையில் அது வருடம் முழுக்கத் திறந்து கிடப்பதில்லை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, அதிகாரிகள் கூடிப் பேசி, திறக்கிற நாளும் மூடுகிற நாளும் குறிப்பார்கள். திருவிழா அமாவாசையையும் பௌர்ணமியையும் பார்த்து வருவதால் திகதி வருடா வருடம் நகரும். ஆகவே லீவை முதலில் எடுத்துவிட்டு நாளைப் பிறகு பொருத்துவது தலைகீழ் வேலை. வாசல் திறக்கும் திகதி தெரிந்த பிறகு அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, மாமாங்கத்தில் எந்த நாள் புறப்படுவது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் செல்வச் சந்நிதியிலிருந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து வருகிற சாமிமாரே வாசல் திறக்காவிட்டால் உகந்தையில் காத்துத்தான் கிடக்கிறார்கள்.

சப்பாத்து உங்கள் இஷ்டம். புதிதாக வாங்கினதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான். பொதி தூக்கினால் கழுத்து நோகாத அளவு.

இதற்கெல்லாம் பதில் எழுத எனக்கு ஆர்வம் வந்திருக்காது. உங்கள் கடிதத்தில் 6 கிலோமீற்றர், 30 கிலோமீற்றர், எட்டு நாள், ஒன்பது நாள் என்று அத்தனை எண்களும் உங்கள் காலுக்குரியவை. கடைசியில் ஒரே வரியில் அம்மா வருகிறார். அவருடைய வயதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைக் கணக்கில் எங்கும் சேர்க்கவில்லை. அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் கடிதம் வந்த அதே கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் இந்த வருட யாத்திரைக்குக் கூட்டம் கூடினார்கள், நானும் போயிருந்தேன். பெடியன்கள் நாலைந்து பேர் போன வருடம் மூன்று நாளில் காடு கடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இந்த வருடம் அதையும் குறைக்கப் போகிறார்களாம். பக்கத்தில் இருந்த வயதான பெண்கள் அதைக் கேட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ‘நாங்கள் இவர்களுக்குப் பாரமாகிவிடுவோம்’ என்று நினைத்து இந்த வருடம் நின்றுவிடுவார்களோ என்று எனக்கு அன்றிலிருந்து மனம் சரியில்லை.

காடு கடப்பதில் போட்டி எதற்கு தம்பி? அது ஓட்டப்பந்தயமா?

என் பெரியம்மாவோடு நடந்த ஒரு வருடத்தைச் சொல்கிறேன். சண்டை முடிந்து சில வருடம் கழித்து. அவருக்கு அப்போது எழுபதை நெருங்கின வயது, வலது முழங்கால் சரியில்லை. ஊரிலிருந்து ஒரு குழுவாகப் போனோம். றோட்டில் பிரச்சினை இல்லை. களுவாஞ்சிகுடி, கல்லாறு, பாண்டிருப்பு, காரைதீவு என்று கோயிலுக்குக் கோயில் அன்னதானம், தங்க மடம், பின்தங்கினாலும் யாராவது ஒரு கதிரை தூக்கிப் போடுவார்கள், மோர் தருவார்கள். நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுக்காரர்களும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தம்பிலுவில் தாண்டித் திருக்கோவிலில் சித்திர வேலாயுதரின் வாசலில் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கால் ஆற்றினோம். அந்த வரையில் யார் முன்னால் யார் பின்னால் என்று யாரும் பார்க்கவில்லை.

காட்டுக்குள் இறங்கினதும் நிலைமை மாறியது. குழுவின் பானையும் அரிசியும் பருப்பும் இளம் ஆக்களிடம் இருந்தன, பாரம் தூக்க அவர்களால்தான் முடியும் என்று. குமுக்கன் ஆற்றங்கரை மருத மர நிழலில் எல்லோரும் ஒன்றாகத்தான் குளித்தோம், ஒன்றாகத்தான் படுத்தோம். மறுநாள் நாவலடி. அதற்கு மறுநாள் நாவலடியிலிருந்து வியாழைக்கு, என் காலுக்கு அந்தப் பாதையில் ஆகக் கடினமான துண்டு அதுதான், நிழல் இல்லாத வெட்டவெளியும் மணலும், கச்சான் காற்று முகத்தில் சூடாக அடிக்கிறது. பெடியன்கள் விடியவே பானையோடு போய்விட்டார்கள். பெரியம்மா நூறு அடிக்கு ஒரு தரம் நின்று நின்று நடந்தார். அவரோடு நான் மட்டும். பின்னால் ஒருவரும் இல்லை. பொழுது சாயத் தொடங்கின பிறகு யானை தண்ணீருக்கு வருகிற நேரம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வியாழைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. எங்கள் குழு சமைத்துச் சாப்பிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்திருந்தது.

பெரியம்மா ஒரு சொல் ஏசவில்லை. “பிள்ளைகளுக்குப் பசி மனே, பாவம்” என்றார். எனக்குத்தான் ஆத்திரம், இப்போதும் எழுதும்போது வருகிறது. பக்கத்தில் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு இருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்ததும் கூப்பிட்டு இருத்தி, பொரிமாவும் பிளேன்ரீயும் தந்து, அதற்குப் பிறகு எங்களுக்கென்றே கொஞ்சம் அரிசி போட்டார்கள். விடிந்ததும் பெரியம்மா தன் முடிச்சைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குழுவோடு நின்றுகொண்டார். “நான் இவங்களோட வாறன், நீ வேணும்னா அவங்களோட போ” என்று என்னிடம் சொன்னார். சமாதானம் பேச எங்கள் ஆக்கள் வந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாரே தவிர, இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த மூதூர்க் குழுவில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆக மெதுவாக நடக்கிறவர் ஆக முன்னால். அவருடைய அடிதான் எல்லோருக்கும் அடி. ஆகப் பலசாலியான ஆள், நல்ல உயரமான ஒரு இளந்தாரி, ஆகக் கடைசியில், தண்ணீர்க் கலனும் டோர்ச்சும் மருந்துப் பையும் அவனிடம். அவனைத் தாண்டி ஒருவரும் பின்னால் நிற்கக் கூடாது. யாராவது பாதையோரம் குந்தினால் அவனும் குந்துவான். இரவில் கடைசி ஆள் வந்து இருக்கும்வரை சோறு பரிமாறுவதில்லை. அந்த இளந்தாரிக்கு முன்னால் ஓடிப்போய் நிழல் பிடிக்க ஆசை இருந்திருக்காதா? இருந்திருக்கும். ஆனால் கட்டகாமம் வரைக்கும் அவன் என் பெரியம்மாவுக்குப் பின்னால்தான் நடந்தான். எங்கள் பழைய குழுவை விட ஒரு நாள் பிந்தித்தான் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். மாணிக்க கங்கையில் அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அரோகரா சொன்னபோது அந்தப் பையனும் பக்கத்தில் நின்றான்.

இதை நான் எங்கே சொன்னாலும் சிலர் இரக்கக் கதை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை தம்பி, இது காட்டில் உயிர் தப்புகிற விசயம். மெதுவாக நடக்கிறவரைப் பின்னால் விட்டால் அவர் தனியாகிறார், தனியாகிறவர் பயத்தில் வேகம் கூட்டுகிறார், வேகம் கூட்டினால் தண்ணீர் தீர்கிறது, தலை சுற்றுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்தக் காட்டில் யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. அவை கூட்டமாக வருகிற மனிதர்களுக்குப் பெரும்பாலும் விலகிப்போகும், தனியாகத் தள்ளாடி வருகிற ஒருவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. முன்னால் போகிறவனுக்கு உதவி தேவைப்பட்டால் பின்னால் வருகிறவர்கள் அவனைக் கடந்துதான் போக வேண்டும், எப்படியும் காண்பார்கள். பின்னால் விழுகிறவரை யார் காண்பது? ஆகவே பலசாலியின் இடம் பின்னால்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. எங்கள் கோயில் கூட்டத்திலும் சொன்னேன். ஒருவர் “அப்படிப் போனால் நாள் கூடும்” என்றார். கூடட்டும்!

சரி, இப்போது உங்கள் கணக்கை அம்மாவின் காலை வைத்துப் போடுவோம். ஆனி, ஆடி வெயிலில் எங்கள் பக்கத்துத் தார் றோட்டில் காலை ஒன்பதரைக்குப் பிறகு பின்னேரம் நாலு மணி வரை அவரை நடக்க விடாதீர்கள். விடிய நாலரைக்குத் தொடங்கினால் காலையில் நாலைந்து மணித்தியாலம், பின்னேரம் இரண்டு இரண்டரை. மணிக்கு 3 கிலோமீற்றர் என்று வைத்து, நிற்பதையும் கும்பிடுவதையும் கழித்தால் ஒரு நாளைக்கு 15, நல்ல நாளில் 18. உகந்தைக்கு ஒன்பது நாள். திருக்கோவிலில் ஒரு நாள் ஓய்வு, உகந்தையில் ஒரு நாள். காட்டுக்குள் வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போனால் ஆறு நாள். மொத்தம் 17, திரும்பி வர ஒரு நாளும் சேர்த்தால் 18. காட்டில் கிலோமீற்றரை எண்ணாதீர்கள், அடுத்த தண்ணீர் எங்கே, அங்கே வெளிச்சத்தோடு போய்ச் சேர முடியுமா என்று மட்டும் பாருங்கள். விடிகிறதுக்கு முந்தி அங்கே நடக்கவும் கூடாது. றோட்டில் பழகின நாலரை மணிக் கணக்கைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்பது நாளுக்கு மேல் லீவு தரவே மாட்டார்கள் என்றால், பாணமை வரை பஸ்ஸில் போங்கள். அங்கிருந்து உகந்தைக்கு 16 கிலோமீற்றர் அளவில், ஒரு நாள். ஒரு நாள் தங்கல், ஆறு நாள் காடு, திரும்பி வர ஒரு நாள். ஒன்பது சரியாக வரும், ஆனால் காய்ச்சல் வந்தால் கையில் ஒரு நாளும் மிச்சமில்லை, அதை யோசியுங்கள். மாமாங்கத்தில் தொடங்காவிட்டால் யாத்திரை ஆகுமா என்று மறு கடிதம் எழுதாதீர்கள். ஆகும். எத்தனையோ ஆயிரம் பேர் உகந்தை வரை வாகனத்தில் வந்துதான் காட்டுக்குள் இறங்குகிறார்கள்.

ஆனால் இதை நீங்கள் தனியே முடிவு செய்ய வேண்டாம். மாமாங்கத்திலிருந்து நடந்தால் இரண்டாம் நாள் பின்னேரம் பெரியகல்லாற்றில் உங்கள் வீட்டைத் தாண்டிப் போவீர்கள். ஊர்ச் சனம் வந்து கும்பிட்டு அனுப்புகிற அந்த நடை அம்மாவுக்குப் பெரிதா, காட்டு நடை பெரிதா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நேர்த்திக்கடன் யாருடையது என்றும் கடிதத்தில் இல்லை. அவருடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதுவும் உங்களுக்காக வைத்ததாகவே இருக்கும். கேளுங்கள்.

இந்த இரண்டு மாதமும் அவரைக் கல்லாற்றுக் கடற்கரை மணலில் விடியற்காலையில் நடக்கச் சொல்லுங்கள், முதலில் அரை மணித்தியாலம், பிறகு ஒன்று. கொழும்பிலிருந்து வார இறுதியில் வரும்போது நீங்களும் கூட நடந்து, அவர் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தூரம் போகிறார், எந்த நேரத்தில் நிற்கிறார், எந்தக் கால் முதலில் நோகிறது என்று பாருங்கள். முழங்காலை இப்போதே ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். பிரஷர், சீனி மருந்து எடுக்கிறவர் என்றால் காட்டு நாட்களுக்கும் கூடுதலாக நாலு நாளுக்கும் சேர்த்து வாங்கி இரண்டு பொதியில் பிரித்து வையுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பக்கெற்றும் உப்பும் உங்கள் பொதியில். தண்ணீர்க் கலனும் உங்கள் தோளில். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடங்கள்.

லீவுக்கு மறுபடியும் எழுதிக் கேட்டுப் பாருங்கள், 18 நாள் என்று கேளுங்கள்.

அன்புடன்