கூட்டம் பெருகுகிறது, கணக்கை யார் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல்லாயிரம் பேர் கூடும் மெகா சர்ச்சுகள் எப்படி அவ்வளவு பெரிதாகின்றன? எல்லாம் பாஸ்டரின் பேச்சுத் திறமைதானா?

பேச்சு ஆளைக் கூட்டி வரும், ஆனால் வந்தவர் அடுத்த வாரமும் வர வேறொன்று வேண்டும். வாரத்துக்கு 2,000 பேருக்கு மேல் ஆராதனைக்கு வந்தால் மெகா சர்ச் என்பது ஆய்வாளர்களின் வழக்கமான அளவுகோல். அவ்வளவு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பாஸ்டருக்கு எப்படித் தெரியும்? சியோலில் இருக்கும் யொய்டோ முழு நற்செய்தி சபையைப் பாருங்கள். 1958-ல் டேவிட் யோங்கி சோவும், பின்னாளில் அவருக்கு மாமியாரான சோய் ஜா-ஷில்லும் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் ஒரு கூடாரத்தில் தொடங்கியது. சபை சில ஆயிரம் பேராக வளர்ந்தபோது, எல்லாவற்றையும் தானே செய்து வந்த சோ 1964-ல் உடம்பு தாங்காமல் சுருண்டு விழுந்தார். அப்புறம்தான் வீட்டுக்கு வீடு சிறு ஜெபக் குழுக்களை அமைத்து, பெரும்பாலும் பெண்களிடம் அவற்றை ஒப்படைத்தார். அந்தக் காலத்துக் கொரியாவில் பெண்களை நம்பி இப்படிப் பொறுப்பு கொடுப்பது சாதாரண விஷயமில்லை. சபை பல லட்சமானதற்கு சோவின் பிரசங்கத்தைவிட, வீடுகளில் ஜெபம் நடத்தி, வராதவரைத் தேடிப்போய் விசாரித்த அந்தப் பெண்கள்தான் காரணம் என்பேன்.

அமெரிக்காவில் வழி வேறு. பில் ஹைபல்ஸும் நண்பர்களும் சிகாகோ புறநகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஏன் சர்ச்சுக்குப் போவதில்லை என்று கேட்டார்கள். எப்போதும் பணம் கேட்கிறார்கள், பிரசங்கம் சலிப்பு என்று பதில் வந்தது. அந்தப் பதில்களை வைத்தே 1975-ல் ஒரு சினிமா தியேட்டரில் வில்லோ கிரீக் சபையைத் தொடங்கினார்கள்.

கேள்வி: இத்தனை தலைவர்கள் ஏன் விழுகிறார்கள்? எங்கள் சபையும் வேகமாக வளர்கிறது, பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. தனி மனிதனின் பலவீனம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம், எனக்கு அது போதவில்லை. சபையை நிறுவியவரே நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுத்தால், அவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல யார் இருப்பார்கள்? சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபையில் 2007-ல் அதிகாரத்தைச் சிலர் கையில் குவிக்கும் புதிய விதிகள் வந்தபோது, கேள்வி கேட்ட இரண்டு மூப்பர்கள், அதாவது சபை நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள், வேலையிழந்தார்கள். 2014-ல் அதன் தலைமைப் பாஸ்டர் மார்க் டிரிஸ்கால் ராஜினாமா செய்தார், சில மாதங்களில் சபையே கலைந்துவிட்டது. அதே 2014-ல் சோவும் சபைக்குப் பெரும் நஷ்டம் ஏற்படுத்திய பங்குப் பரிமாற்ற வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதில் புகார் கொடுத்தவர்கள் அந்தச் சபையின் மூப்பர்களே, அவர்களை நான் மதிக்கிறேன். ஹைபல்ஸ் 2018-ல், பெண்கள் கூறிய பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே விலகினார். அவற்றை மறுத்தார். முதலில் அவர் பக்கம் நின்ற மூப்பர்கள் சில மாதங்களில் தாங்களும் மொத்தமாக விலக வேண்டிவந்தது.

அமெரிக்காவில் மற்ற தொண்டு அமைப்புகள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் கணக்கு அறிக்கையை சர்ச்சுகள் தர வேண்டியதில்லை. சட்டம் கேட்காது என்றால் விசுவாசிதான் கேட்க வேண்டும்.

கேள்வி: பாஸ்டரின் மகனே அடுத்த பாஸ்டராவது சரியா?

மகன் என்பதாலேயே தவறு என்று சொல்ல மாட்டேன். ஹூஸ்டனின் லேக்வுட் சபையில் 1999-ல் தந்தை இறந்தபின் ஜோயல் ஆஸ்டின் பொறுப்பேற்றார், 2005-ல் சபை பழைய கூடைப்பந்து அரங்கத்துக்கே குடிபோகும் அளவுக்கு வளர்ந்தது. கலிபோர்னியாவின் கிறிஸ்டல் கதீட்ரலோ, அதை நிறுவிய ராபர்ட் ஷுல்லரின் பிள்ளைகளுக்குள் வந்த பிளவில் தள்ளாடி, கடன் சுமையோடு 2010-ல் திவாலானது. அந்தக் கண்ணாடிக் கட்டடம் இன்று கத்தோலிக்கர்களின் பேராலயம். என்னைக் கேட்டால், அடுத்த பாஸ்டரை முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தார் உட்காரக் கூடாது. பாஸ்டரின் சம்பளத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், காணிக்கைக் கணக்கை வெளி ஆடிட்டர் பார்க்கிறாரா, இந்த இரண்டையும் வருகிற சபைக் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்.