சி.எஸ். யார், எதற்காக நின்றார்? கேள்வி பதில்

தேர்தல் பேச்சு கிளம்பினாலே நம் பக்கத்தில் யாராவது ஒரு பெரியவர், "சி.எஸ். மாதிரி ஒரு ஆளு இப்ப யாருங்க இருக்காங்க?" என்று கேட்டுவிடுவார். சின்னப் பிள்ளைகள் முழிப்பார்கள். சி.எஸ். என்றால் பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம், பசுமைப் புரட்சிக் காலத்தில் மத்திய உணவு மந்திரியாக இருந்தவர். முப்பது வருடமாக நம் பகுதி அரசியல் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஐயா, நான் கோயமுத்தூரில் காலேஜ் படிக்கிறேன். பேர் மட்டும்தான் தெரியும். எந்த ஊர், என்ன படிச்சவருங்க?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம், தம்பி. 1910 ஜனவரி 30 அன்று பிறந்தார். விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, அப்புறம் சட்டம் படித்தார். 1936 வாக்கில் கோவையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனார். நம் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். 1952 முதல் பத்து வருடம் மாநில அமைச்சர். 1962-ல் பொள்ளாச்சியில் நின்று நாடாளுமன்றம் போனார். திருப்பராய்த்துறை சுவாமி சித்பவானந்தர் அவருக்கு நெருங்கிய உறவு, அவரும் அதே ஊர்க்காரர்தான்.

இயற்பியல் படித்தவர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். கோதுமைக் கதைக்கு வரும்போது அது முக்கியம்.

ஈரோட்டிலிருந்து கேட்கிறேன். குலக்கல்வித் திட்டத்தை ஆதரித்த அமைச்சர் அவர். அதைப் பேசாமல் புகழ்ந்துகொண்டே போவது சரியா?

சரியில்லைங்க, பேசித்தான் ஆக வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழிலைக் கற்கச் சொன்னார்கள். ராஜாஜி மந்திரிசபையில் இருந்த சி.எஸ். அதற்காகச் சட்டசபையில் வாதாடினார். அது தவறு. என் அப்பா அந்த நாளில் வண்ணார் வீட்டுப் பையன் ஒருவனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். "அவன் மத்தியானத்துக்கு மேல வெள்ளாவிக்குப் போயிருந்தா, அப்புறம் எங்கிருந்து வாத்தியார் ஆயிருப்பான்?" என்று சாகும்வரை கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1954-ல் ராஜாஜி விலகியதும் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.எஸ்.தான். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. தோற்றவரைக் கூப்பிட்டுத் தன் மந்திரிசபையிலேயே கல்வியைக் கொடுத்தார் காமராஜர். அந்த மே மாதமே குலக்கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தவர் அதே சி.எஸ். பின்னால் வந்த மதிய உணவு, ஊர் ஊராகப் புதுப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இவர் கல்வி மந்திரியாக இருந்தபோது நடந்தவை. யோசனை காமராஜருடையது, அதிகாரிகளில் நெ.து. சுந்தரவடிவேலு ஓயாமல் உழைத்தார். சி.எஸ். குறுக்கே நிற்காமல் காசு வழி பண்ணிக் கொடுத்தார், ஏனென்றால் நிதியும் இவர் கையில்தான் இருந்தது.

இந்தி விஷயத்தில் அவர் எந்தப் பக்கம்? டெல்லிக்காரர் என்று எங்க தாத்தா திட்டுவார்.

உங்கள் தாத்தா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரராக இருந்தால் அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி. ஆங்கிலம் தொடரும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார், ஆனால் 1963 சட்டத்தில் 'தொடரலாம்' என்றுதான் இருந்தது. இங்கே மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சி.எஸ். அப்போது சாஸ்திரி மந்திரிசபையில் உணவு, விவசாய அமைச்சர். பிப்ரவரி 11 அன்று அவரும் இன்னொரு தமிழ்நாட்டு மத்திய மந்திரி ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி அதை ஏற்கச் சொல்லி ஜனாதிபதிக்கு அனுப்ப, ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசினார்: இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்றார். பிறகு கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. 1967 கடைசியில் சட்டமே திருத்தப்பட்டது.

அவர் கடிதம் கொடுத்த மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. சந்தைக்குப் போன சித்தப்பா சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுக் காட்டுவழியாக நடந்து வந்து சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பத்தா மட்டும் அவர் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆக, சொந்த ஊர் சுடப்பட்ட நேரத்தில் அந்த ஊர் எம்.பி. அந்த அரசில் மந்திரி. ஊர் கோபப்பட்டது நியாயம். ஆனால் அவர் டெல்லிக்குத் தலையாட்டியவர் இல்லை. 1956-ல் தமிழை மாநில ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த மந்திரிசபையில் அவர் முன்வரிசை ஆள். இந்தியைப் படிக்காதே என்று அவர் சொன்னதில்லை, மேலே ஏற்றாதே என்றார். அந்த வித்தியாசம் 1965-ல் யார் காதிலும் விழவில்லை.

பசுமைப் புரட்சிக்குத் தந்தை இவரா, எம்.எஸ். சுவாமிநாதனா?

விதையையும் வயலையும் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள்: குட்டைக் கோதுமையை உருவாக்கிய அமெரிக்கர் போர்லாக், சுவாமிநாதன், அவர்களோடு இன்னும் பலர். அந்த விதையை நாட்டுக்குள் கொண்டுவரத் துணிந்து கையெழுத்துப் போட்டவர் சி.எஸ். இரண்டும் இல்லாமல் நடந்திருக்காது.

அந்த நாளைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். 1964-65-ல் நாட்டின் தானிய விளைச்சல் 8.9 கோடி டன். அடுத்த வருடம் மழை பொய்த்து 7.2 கோடிக்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் தானியக் கப்பல் வந்தால்தான் ரேஷன். அதையும் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மாதக் கணக்கில் இழுத்துப் பிடித்து விட்டார். நம் ஊரில் மைலோ என்று ஒரு சிவப்புச் சோளம் போட்டார்கள், வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பத்தா அதை உரலில் குத்திக் களி கிண்டும். வேகவே வேகாது, ஒரு காறல் வாடை வேறு அடிக்கும். "மாட்டுக்குப் போடறதாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டேதான் எங்களுக்குப் போடும். தட்டைத் தள்ளினால் வேறு சோறு இல்லை.

அந்த நிலையில் மெக்சிகோவின் குட்டைக் கோதுமையைக் கொண்டுவரலாம் என்றார் இவர். உரம் போட்டால் சாயாமல் நிற்கும், விளைச்சல் இரண்டு மடங்கு. எதிர்ப்பு நாலாபக்கமும் வந்தது. உரத்துக்கு அந்நியச் செலாவணி தர முடியாது என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நின்றார். அமெரிக்காவிடம் அடகு வைக்கிறீர்கள் என்றார்கள் இடதுசாரிகள். வெளிநாட்டு விதை நோயைக் கொண்டுவரும் என்று சில விஞ்ஞானிகளே பயந்தார்கள். இவர் டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்தரையை உழுது அந்தக் கோதுமையை விதைத்துவிட்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் கதிரைக் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். சோதனை செய்து பார்த்து முடிவெடுக்கிற அந்தப் புத்தி இயற்பியல் படிப்பில் வந்தது என்பது என் எண்ணம்.

1966-ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது. 1964-65-ல் 1.2 கோடி டன் இருந்த கோதுமை 1970-71-ல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. நெல்லுக்கு நம் மாநிலத்தில் ஆடுதுறை 27 என்ற ரகம் தஞ்சாவூரில் அதே வேகத்தில் பரவியது.

ஐயா, கோபி பக்கம் இயற்கை விவசாயம் செய்கிறேன். மண் செத்ததுக்கும் நிலத்தடித் தண்ணி போனதுக்கும் அவர்தானே தொடக்கம்?

பாதி ஒத்துக்கொள்கிறேன், அம்மிணி. யூரியா மூட்டை நம் சாளைக்குள் வந்தது அந்தக் கொள்கையால்தான். ஆனால் 1966-ல் அவர் முன்னால் இருந்தது பட்டினி. ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போட்டது, அளவுக்கு மேல் உரம் கொட்டியது, ஒரே பயிரையே வருடம் முழுக்க வைத்தது எல்லாம் பின்னால் நாற்பது வருடம் நாமும் அரசுகளும் சேர்ந்து செய்தவை. அவசரத்துக்குக் கொடுத்த மருந்தை ஆயுசு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வைத்தியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் செய்கிற வேலை அவர் விட்டுப்போன மிச்சத்தைச் செய்வதுதான்.

ஆனைமலைத் தென்னந்தோப்புக்காரன். அவரால் எங்களுக்கு என்னங்க கிடைச்சுது?

கொப்பரைக்கு ஆதார விலை வருடா வருடம் அறிவிக்கிறார்கள் அல்லவா? எந்தப் பயிருக்கு என்ன விலை என்று மத்திய அரசுக்குச் சொல்லும் ஆணையம் 1965-ல் இவர் அமைச்சராக இருந்தபோது உண்டானது. இந்திய உணவுக் கழகமும் அதே ஆண்டுதான். விளைந்தால் விலை விழாது என்ற உறுதி இல்லாமல் எந்தக் குடியானவனும் புது விதையைத் தொடமாட்டான் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை மூட்டையோடு ஈரப்பதம் பார்க்க நீங்கள் வரிசையில் நிற்கும் அலைச்சலுக்கு அவர் பொறுப்பில்லை.

பி.ஏ.பி. வாய்க்கால் அவர் கொண்டுவந்ததுதானே?

தனி ஒருவர் பேரில் எழுதினால் மற்றவர்களுக்குத் துரோகம். காமராஜர் ஆட்சி, வி.கே. பழனிசாமிக் கவுண்டர் போன்றவர்களின் விடாப்பிடி, மலையைக் குடைந்த பொறியாளர்கள், தொழிலாளர்கள் எல்லாரும் சேர்ந்தது பரம்பிக்குளம் ஆழியாறு. மேற்கே ஓடும் தண்ணீரைக் கிழக்கே திருப்பக் கேரளத்தோடு பேசியதில் சி.எஸ்.ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே மாதம், ஆனால் 1958 நவம்பரிலிருந்தே செல்லும் என்று எழுதினார்கள்.

பாசனத்துக்குச் சுற்று முறையில் தண்ணீர் விடப் பிரித்த மண்டலங்களில் நான் நாலாம் மண்டலத்துக்காரன். எங்கள் சுற்று வரும் ராத்திரி, மண்வெட்டியும் டார்ச்சுமாக மடைமேல் உட்கார்ந்திருப்போம். தண்ணீர் வருவதற்கு முன்னால் காய்ந்த வாய்க்காலில் சருகு நகரும் சத்தம்தான் முதலில் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக யார் யாரெல்லாம் டெல்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தார்கள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு செய்தவர் 1967-ல் ஏன் தோற்றார்?

மொழி, அரிசி, ரூபாய். மூன்றிலும் அவர் ஜனங்களுக்குப் பிடிக்காத இடத்தில் மாட்டியிருந்தார். மொழியைச் சொல்லிவிட்டேன். அரிசிப் பஞ்சத்தில் உணவு மந்திரி என்றால் ரேஷன் கடையில் நின்ற ஒவ்வொரு தாயின் வயிற்றெரிச்சலும் அவர் மேல்தான். எதிரே தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி என்றது. 1966 ஜூனில் டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்ததை 7 ரூபாய் 50 காசாக்கி ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். காமராஜர் எதிர்த்தார், இவர் ஆதரித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்கக் காங்கிரசுக்கு நாடாளுமன்றத்தில் மூன்றே இடம். காமராஜரே விருதுநகரில் தோற்றார். கோதுமைக் களஞ்சியம் நிரம்பியது அடுத்த வருடம். ஓட்டுப்பெட்டி அதுவரை காத்திருக்கவில்லை.

அவசரநிலையின்போது?

நிதியமைச்சராக இருந்தார். வருமான வரியின் உச்ச விகிதத்தை 77 சதவீதத்திலிருந்து 66-க்கு இறக்கினார். 1975-ல் மண்டல கிராம வங்கிகள் தொடங்கின. நல்ல வேலைகள்தான். ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் சிறையில் கிடந்த அந்த 21 மாதமும் அவர் நாற்காலியில் இருந்தார். மொழிக்காகக் கடிதம் கொடுத்தவர் இதற்குக் கொடுக்கவில்லை. அவரை இவ்வளவு நேசிக்கும் எனக்கு இந்த ஒரு இடத்தில் அவருக்காகப் பேச வாய் வரவில்லை. 1977-ல் பழனியில் ஜெயித்தார், பின்னால் இந்திராவை விட்டுப் பிரிந்தார், 1979-ல் சரண்சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சர். அதெல்லாம் பிறகு நடந்தவை.

கடைசிக் காலம் எப்படிங்க?

1990-ல் மகாராஷ்டிர ஆளுநர். 1998-ல் பாரத ரத்னா, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் அதே ஆண்டுதான். 2000 நவம்பர் 7 அன்று காலமானார். நடுவில் ஒன்று. கோவாவில் தனிப்பேச்சில் பிரதமர் நரசிம்மராவ் நடந்துகொள்ளும் முறையைக் குறை சொன்னது பத்திரிகையில் வந்துவிட்டது. 1993 ஜனவரியில் ஆளுநர் பதவியை விட்டு இறங்கினார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு 83 வயது.