வாசகர் கேள்வி: புரதத்தில் மின்னோட்டம்

கேள்வி: புரதங்களைக் கொண்டு இலத்திரனியல் கருவிகளுக்கான உறுப்புகளை வடிவமைக்கிறார்கள் என்று படித்தேன். சூடு பட்டால் முட்டை அவிவதுபோல அவையும் கெட்டுவிடாதா? புரதத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன தொடர்பு?
- உயர்தர மாணவி ஒருவர், துணுக்காய்

பதில்: தொடர்பை உங்கள் ஊர் கிளினிக்கிலேயே காணலாம். நீரிழிவுக்காரரின் விரலில் குத்தி எடுத்த இரத்தத் துளியை ஏற்கும் சிறு பட்டியில் பூசப்பட்டிருப்பது, குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுக்கும் ஒரு நொதியம். அது ஒரு புரதம். அந்த இலத்திரன்கள் மின்வாயைச் சென்றடையும் ஓட்டமே திரையில் எண்ணாகத் தெரிகிறது. பட்டிப் போத்தலை இறுக மூடச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் கேட்டதுதான்: ஆடி மாதத்து வெக்கையும் மாரி காலத்து ஈரமும் நொதியத்தைக் கெடுத்துவிடும்.

புரதம் கம்பியாகவும் அமையும். தண்ணீர் கட்டிய வயலில் மண்வெட்டியை ஆழ இறக்கினால், மேலே செம்பழுப்பான சேறு அடியில் சாம்பல் நிறமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்றுப் புகாத அந்த அடிச்சேற்றில், ஒட்சிசனுக்குப் பதிலாக இரும்புத் துருவுக்கு இலத்திரன்களைக் கொடுத்துச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவ்வகையைச் சேர்ந்த ஜியோபக்ரர் வெளியே நீட்டும் நுண்ணிழை ஒன்றின் அமைப்பு 2019இல் வெளியானது. நம் குருதியிலும் உள்ள இரும்புக் கூறான ஹீம், அவ்விழையின் புரத உறைக்குள் ஒரு நனோமீற்றருக்கும் குறைந்த இடைவெளிகளில் வரிசையாக நிற்க, இலத்திரன் ஒரு ஹீமிலிருந்து அடுத்த ஹீமுக்குத் தாவிச் செல்கிறது. அந்தத் தூரம் பிசகாமல் ஹீம்களைப் பிடித்து நிறுத்துவதே புரதத்தின் வேலை. வடிவமைப்பாளர்கள் பின்பற்ற முயல்வதும் அதையே.

ஆனால் புரதத்தின் கண்ணிகளான 20 வகை அமினோ அமிலங்களைக் கொண்டு, 10 கண்ணியுள்ள பெப்தைட்டு (குறும் புரதச் சங்கிலி) ஒன்றை 10,24,000 கோடி விதங்களில் கோக்கலாம். ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது. 2000ஆம் ஆண்டில் அஞ்சலா பெல்ச்சரின் குழு, வெவ்வேறு பெப்தைட்டுகளைத் தாங்கிய எண்ணற்ற வைரசுகளைக் குறைகடத்தித் துண்டின்மேல் விட்டு, கழுவிய பின்னும் ஒட்டிநின்றவற்றை மட்டும் எடுத்தது. சுளகில் நெல் புடைப்பது போன்ற வேலை! அவற்றுள் சில காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியைப் பற்றிக்கொண்டு, இன்னொரு குறைகடத்தியான சிலிக்கனை விட்டுவிட்டன. இப்போது கணினியிலேயே புதுப் புரதங்களை வரைகிறார்கள். அதற்காக டேவிட் பேக்கர் 2024இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வெப்பத்தைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. சுற்றுப்பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் சூடு 200 பாகையைத் தாண்டும். சாதாரணப் புரதம் எதுவும் அதைத் தாங்காது என்பதால், அதைக் கடைசியாகவே பூச வேண்டும். எனினும், கெடுவதையே பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. பினைலலனின் என்ற அமினோ அமிலம் இரண்டே இரண்டு சேர்ந்த பெப்தைட்டு தானாகவே நுண்குழாயாக அடுக்கிக்கொள்ளும். 2003இல் எஹுட் கசிட்டின் குழு அக்குழாய்க்குள் வெள்ளியைப் படியவைத்து, பெப்தைட்டை நொதியத்தால் கரைத்தது. மெழுகு உருகிய அச்சில் விக்கிரகம் எஞ்சுவதுபோல, ஏறத்தாழ 20 நனோமீற்றர் தடிப்புள்ள வெள்ளிக் கம்பி மிஞ்சியது.