பழைய தாது ரயில் பாதையில் நடக்க முழங்கால் தாங்குமா?

கேள்வி: செங்குன்றத்தில் வசிக்கிறோம். எனக்கு 61 வயது, கணவருக்கு 66. மாடிப்படி இறங்கும்போது அவருக்கு முழங்கால் வலிக்கும். அக்டோபரில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சுரங்கத் தாதை ஏற்றிப்போன பழைய ரயில் பாதை ஒன்று அங்கே ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை 18 கிலோமீட்டர் போகிறதாம்; அதில் எங்களை நடக்கக் கூட்டிப்போவதாக மகள் சொல்கிறாள். எங்களால் முடியுமா? இங்கிருந்தே என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாக நடக்கலாம். முழு 18 கிலோமீட்டர் வேண்டாம்; அதன் தென்பாதியில் ஒரு பகுதி போதும். கார்ன்வாலின் கடலோரப் பாறைப் பாதைகளில் ஏறி இறங்கி அவதிப்படுவதைக் காட்டிலும், முழங்கால் வலி உள்ளவருக்கு இது எவ்வளவோ மேல்.

காரணம் எளிது. தாது ஏற்றிய வண்டிகளை இங்கே முதலில் இழுத்தவை குதிரைகள். செங்குத்தான ஏற்றம் அவற்றுக்கு ஆகாது. ஆகவே பாதை போட்டவர்கள் மேட்டைக் கண்டால் வெட்டினார்கள், பள்ளத்தைக் கண்டால் நிரப்பினார்கள், இரண்டும் முடியாத இடத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள். குதிரைக்குக் காட்டிய அந்தக் கரிசனம் இன்று உங்கள் கணவருக்குப் பயன்படுகிறது.

உங்கள் மகள் சொல்லும் நடைபாதை, வடக்கே போர்ட்ரீத் துறைமுகத்தையும் தெற்கே டெவரனையும் இணைக்கிறது. உண்மையில் இவை இரண்டு பழைய பாதைகள். போர்ட்ரீத் பக்கத்துப் பாதையின் வேலை 1809-இல் தொடங்கியது. தெற்குப் பக்கத்து ரெட்ரூத் - சேஸ்வாட்டர் ரயில் பாதை 1820-களில் வந்தது. அதில் 1854 வரை குதிரைகள், பிறகு நீராவி எஞ்சின்கள், 1915-இல் மூடுவிழா. செம்புத் தாது துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வேல்ஸின் ஸ்வான்சிக்கு உருக்கப் போகும். திரும்பும் கப்பலில் சுரங்க எஞ்சின்களுக்கான நிலக்கரி வரும். போர்ட்ரீத் பாதையில் சில இடங்களில் குனிந்து பார்த்தால், மண்ணில் பதிந்த கருங்கற்களையும் அவற்றில் துளைகளையும் காணலாம். தண்டவாளத்தை ஆணி வைத்து இறுக்கிய துளைகள் அவை. கல் தனித்தனியாக இருக்கும், இரண்டு வரிசைக்கும் நடுவே குறுக்குக் கட்டை கிடையாது. குறுக்கே கட்டை போட்டால் குதிரையின் கால் இடறும்.

செங்குன்றத்துக்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியமான சங்கதி இல்லை. சென்னைக்குச் சாலை போடக் கல் ஏற்றிவருவதற்காக, பொறியாளர் ஆர்தர் காட்டனின் முயற்சியில் உங்கள் ஊரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை 1837-இல் ரயில் பாதை ஓடியது. பம்பாய் - தாணே பயணிகள் ரயிலுக்கு 16 ஆண்டு மூத்தது. நடந்து பார்க்க அதில் ஒன்றையும் நாம் மிச்சம் வைக்கவில்லை. அதனால் கார்ன்வால் வரை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

சரிவைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியவை வேறு: பாதைக்கு வெளியே இருக்கும் நிலம், தலைக்கு மேல் இருக்கும் வானம்.

பாதைக்கு இருபுறமும் சுரங்கங்கள் விட்டுப்போன கழிவு மேடுகள் இருக்கும். அங்கே செம்போடு ஆர்சனிக்கும் வெட்டி எடுத்தார்கள். புல்கூட முளைக்காத மொட்டை மேடுகளைப் பார்த்தாலே விளங்கும். அந்த மண்ணில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள். எங்கே சாப்பிட்டாலும் முதலில் கை கழுவுங்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் அந்த மண்ணில் விளையாட விடாதீர்கள். கூடவே ஓடும் கார்னன் ஆற்று நீரைத் தொடவும் வேண்டாம். அருகிலிருந்த வீல் ஜேன் சுரங்கத்தை மூடி நீர் இறைப்பதை நிறுத்திய பிறகு, 1992 ஜனவரியில் உள்ளே நிரம்பிய அமில நீர் உடைத்துக்கொண்டு இந்த ஆற்றில் கலந்து, முகத்துவாரம் வரை ஆரஞ்சு நிறமாக்கியது. பிறகு சுத்திகரிப்பு ஏற்பாடுகள் வந்தன. இருந்தாலும் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். செங்குத்தான பழைய சுரங்கக் குழிகள் வழியெங்கும் உண்டு. சிலவற்றின் மேல் கூம்பு வடிவ இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள். உள்ளே வசிக்கும் வௌவால்கள் வந்துபோகவே அந்தக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி. படம் எடுக்கிறேன் என்று புதருக்குள் இறங்கக் கூடாது.

அடுத்து மழை. அக்டோபர் கார்ன்வாலில் மழை பக்கவாட்டில் வரும், காற்று குடையை மடக்கிப்போடும். சென்னை வெயிலில் நம்மைக் காப்பாற்றும் பருத்தி அங்கே எதிரி. நனைந்த பருத்திச் சுடிதாரும் ஜீன்ஸும் உலராமல் உடம்போடு ஒட்டி, உள்சூட்டை உறிஞ்சிவிடும். புடவை வேண்டவே வேண்டாம். சேற்றில் கொசுவம் ஈரமானால் நடை தடுமாறும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் கால்சட்டை, உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தலைமூடியுள்ள மழைச் சட்டை போதும். காலை மூடிய உடையில் இன்னொரு லாபம், புல்லில் இருக்கும் உண்ணிகள் ஏறாது. அவை சில சமயம் லைம் என்ற நோயைப் பரப்பும். குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் ஒருமுறை பாருங்கள்.

ஷூவை இங்கேயே, இப்போதே வாங்குங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் தேவை. புது ஷூவோடு விமானம் ஏறுவதைப்போல அசட்டுத்தனம் வேறில்லை.

பயிற்சி: வாரத்தில் 4 நாள் வீட்டருகே, வெயில் ஏறுமுன் அரைமணி நேரம். ஞாயிறுகளில் மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடைபாதையில் போய்த் திரும்புங்கள். 5 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். மணலில் வேண்டாம், கெண்டைக்கால்தான் கெடும். அந்த நடையை அதே ஷூவோடும் தண்ணீர்ப் பையோடும் முடித்து, மறுநாள் காலை உங்கள் கணவரால் வழக்கம்போல எழுந்து நடமாட முடிந்தால் அவர் தயார். முழங்கால் வீங்கினால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இறங்கும்போது வலிப்பவருக்கு இரண்டு ஊன்றுகோல் நல்ல துணை. அவற்றையும் இங்கேயே பழக்கிக்கொள்ளட்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் புறப்படாதீர்கள். அங்கே வெளிநாட்டவர் மருத்துவமனையில் சேர்ந்தால் கட்டணம் கண்ணைக் கட்டும்.

நாள் குறிக்கும்போது ஒன்று: அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பிறகு மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். மாதத் தொடக்கத்தில் போங்கள், காலையில் கிளம்புங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் பகுதி, வழியிலுள்ள பிஸ்ஸோ என்ற ஊரிலிருந்து டெவரன் வரை. சில கிலோமீட்டர்தான், பெரும்பாலும் சமதளம். வழியில் உயரமான ரயில் பாலத்தின் அடியில் போவீர்கள். அதன் பக்கத்திலேயே, ரயில் பொறியாளர் புரூனலின் பழைய மரப்பாலத்தைத் தாங்கிய கல்தூண்கள் தனியாக நிற்கும். சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் அதே பாதையில் வருவார்கள், ஓரமாக நின்று வழிவிடுங்கள். மகளுக்கு முழுத் தூரமும் போக ஆசையாக இருந்தால், போர்ட்ரீத்திலிருந்து அவர் சைக்கிளில் வரட்டும். பிஸ்ஸோவில் டீக்கடை உண்டு. அங்கே சந்தித்து, மீதியைச் சேர்ந்தே நடந்துவிடலாம்.