சைக்கிள் பாதைக்கு முன்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் காரில் வந்து காரிலேயே போய்விடுகிறார்கள். ஆத்தங்குடி வரை சைக்கிள் பாதை இருந்தால் ஊரில் நாலு பேருக்கு வருமானம் வருமே என்று இளைஞர் மன்றத்தில் பேசினோம். ஒருவர் திட்ட அறிக்கை தயாரித்து மத்திய அரசு மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். தரலாமா? என்னென்ன அனுமதி வேண்டும்?

பதில்: தராதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். சுதேஷ் தர்ஷன் போன்ற மத்திய அரசுச் சுற்றுலாத் திட்டங்களின் பணம் மாநில அரசு வழியாகத்தான் இறங்கும். இளைஞர் மன்றத்தின் வங்கிக் கணக்குக்கு அதை யாராலும் வரவைக்க முடியாது. இப்படி வாங்கிய அறிக்கை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். வேறு ஊருக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் பழைய ஊரின் பெயரை மாற்றக்கூட மறந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு வசூல் செய்து கொடுத்த பணம் அது.

அடுத்து, சாலையோரம் பேவர் பிளாக் பதித்துத் தனிப் பாதை போட்டுத் தருகிறேன் என்று ஒப்பந்ததாரர் வருவார். அவரையும் அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊர்ச் சாலைகளில் மணிக்கு எத்தனை வண்டி போகிறது என்று ஒரு காலை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வண்டி குறைவாக ஓடும் தார்ச்சாலைதான் நல்ல சைக்கிள் பாதை. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. திருச்சி–ராமேஸ்வரம் தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஒரு ஃபர்லாங் தூரம்கூடப் பாதையைக் கொண்டுபோகாதீர்கள். கடந்துதான் ஆக வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிற ஒரே இடத்தில் இறங்கித் தள்ளிக் கடக்கட்டும்.

அனுமதிக்கு வருவோம். சைக்கிளுக்கு ஆர்டிஓ பதிவும் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது திருப்பம் காட்டும் அம்புக்குறிகளுக்கான சம்மதம். அதை அந்தந்தச் சாலை யாருடையதோ அவர்களிடம் வாங்க வேண்டும். இங்கேதான் நமக்குப் பொறுமை போகும். ஒரே சாலையில் ஒரு துண்டு ஊராட்சிக்கு, அடுத்த துண்டு ஒன்றியத்துக்கு, அதற்கடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. ‘எங்களுடையது இல்லை’ என்று மூன்று இடத்திலும் சொல்வார்கள். நாலு அம்புக்குறிக்கு ஒரு கோப்பு ஏன் மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதனால் கிராம சபையில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரைபடத்தோடு தீர்மானம் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் பேரூராட்சி என்பதால் அந்தப் பகுதிக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்மாய்க் கரை. வண்டியே வராது, பறவைகள் இருக்கும், காலையில் அவ்வளவு அழகு. எல்லாரும் பாதையை அங்கேதான் கொண்டுபோவார்கள். ஆனால் அது சாலை இல்லை, தண்ணீரைத் தாங்கும் கரை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஒன்றியத்திடம். அவர்களைக் கேட்பதற்கு முன்னால் ஆயக்கட்டு விவசாயிகளைக் கேளுங்கள். மடை திறக்கப் போகிறவரும் மாடு ஓட்டி வருகிறவரும் ஒதுங்கி நிற்க வேண்டிய நிலை வந்தால், ஒரே வாரத்தில் ஊரில் சண்டை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரை மண் குழைந்து சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கலுங்கில் தண்ணீர் போகும். முழங்காலுக்குக் கீழேதானே ஓடுகிறது என்று யாரையும் இறங்க விடாதீர்கள். பாசி பிடித்த கல்லில் கால் நிற்காது. அந்த மூன்று மாதத்துக்கு ஊர் வழியாக மாற்றுப் பாதை கட்டாயம்.

கரையோரம் சீமைக் கருவேலம் இருந்தால் பஞ்சரும் நிச்சயம். டியூபுக்குப் பேட்ச் போட்டால் மட்டும் போதாது. டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்று விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், ஒடிந்த முள் நுனி தட்டுப்படும். அதை எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கிவிடும். ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் கேட்ட வருமானத்தில் இதுவும் ஒன்று.

ஒரு காலைக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். பெண்கள் பயன்படுத்தக்கூடிய சுத்தமான கழிப்பறை வழியில் இரண்டு இடத்திலாவது இருக்கட்டும். ஆத்தங்குடியில் கடைக்கு மட்டும் கூட்டிப்போகாமல், கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே தரைக்குப் பதிக்கும் கல் வார்க்கும் பட்டறையில் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். பார்க்க விடுவதற்குப் பட்டறைக்காரருக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். கல் விற்றால் கமிஷன் என்று ஆரம்பித்தால் பாதை கடை கடையாக வளையத் தொடங்கிவிடும்.

அம்புக்குறிக்குப் பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால், சைக்கிளைத் தொட்டே பல வருடமான ஊர்க்காரர்கள் நாலைந்து பேரை, அதில் பாதிப் பேர் பெண்களாக, முழுப் பாதையும் ஓட்டச் சொல்லுங்கள். அவர்கள் எங்கெல்லாம் இறங்கித் தள்ளினார்கள் என்று குறித்துக்கொண்டு, அங்கெல்லாம் பாதையை மாற்றுங்கள்.