எறும்பைக் கொல்லும் முன் கால்களை எண்ணுங்கள்

கேள்வி: சந்தூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா. மரமெல்லாம் செவ்வெறும்பு. அதில் சில எறும்புகள் கையை நீட்டினால் நூல் விட்டுத் தொங்குகின்றன. எறும்பும் சிலந்தியும் கலந்து புது இனம் உண்டாகிவிட்டது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். காய்க் காம்பில் மாவுப்பூச்சி. அதிலும் எறும்பு மொய்க்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒழிக்க எந்த மருந்து வீரியமானது?
(வாசகர், போச்சம்பள்ளி வட்டம்)

பதில்: மருந்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரேயடியாக ஒழிக்கக் கூடாது என்பதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எறும்பு என்று நீங்கள் எழுதியதில் எறும்பே இல்லாத ஓர் உயிரும் இருக்கிறது.

நூல் விட்டுத் தொங்குவது கலப்பினம் இல்லை. எறும்பும் சிலந்தியும் கூடி இனம் பெருக்கவே முடியாது. அவ்வளவு தூரத்துச் சொந்தம். அது எறும்பு வேஷம் போட்ட எட்டுக்கால் பூச்சி, பெரும்பாலும் தாவிப் பிடிக்கும் சிலந்தி வகை. எறும்புக்குக் கால் ஆறு, உணர்கொம்பு இரண்டு. இதற்குக் கொம்பு கிடையாது, அதனால் எட்டுக் காலில் முன்கால் இரண்டையும் தூக்கிக் கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். மற்ற சிலந்திகளுக்குத் தலையும் மார்பும் ஒரே துண்டாகத் தெரியும். இதற்கு நடுவில் இறுகி, தனித் தலை இருப்பது போலத் தோன்றும். பக்கவாட்டில் எறும்புக் கண் மாதிரி கறுப்புத் திட்டு வேறு. ஆணுக்குத் தாடை எவ்வளவு நீளம் என்றால், தூரத்திலிருந்து பார்க்க ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவது போலவே இருக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில் முதன்முதலாக இதைப் பார்த்த அன்று, அந்தக் கிளையை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

எதற்கு இந்த வேஷம்? செவ்வெறும்பு கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். பறித்தவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல். பறவையும் குளவியும் அதை நெருங்க யோசிக்கும். அந்தப் பயத்தை ஒட்டிப் பிழைக்கிறது இந்தச் சிலந்தி. ஆனால் எறும்பிடம் இந்த வேஷம் எடுபடாது; எறும்பு தன் கூட்டத்து ஆளை அறிவது பெரும்பாலும் வாசனையால். அதனால் எறும்புச் சாரைக்குப் பக்கத்திலேயே திரிந்தாலும் உரசாமல் விலகிக்கொள்ளும். அது பிடித்துத் தின்பது சின்னப் பூச்சிகளை. உங்கள் மரத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் கிடையாது.

நண்டு போலக் கால் விரிக்கும் இன்னொரு சிலந்தியும் உண்டு. அதற்கு வயிற்றின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளி. அந்தப் பக்கம்தான் எறும்பு முகம் போலத் தெரியும். இது செவ்வெறும்பையே தின்னும். பிடித்த எறும்போடு நூலில் இறங்கித் தொங்கிக்கொள்ளும், மற்ற எறும்புகள் எட்ட முடியாது. நீங்கள் பார்த்தது இதுவாகக்கூட இருக்கலாம். எறும்பு அதிகம் என்று அடிக்கிற மருந்து, எறும்பைத் தின்கிற இதையும் சேர்த்துத்தான் கொல்லும்.

செவ்வெறும்பும் வெறும் தொல்லை இல்லை. தத்துப்பூச்சி, இலை தின்னும் புழு எல்லாம் அதற்கு இரை. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆரஞ்சு மரங்களில் இதன் கூடுகளைக் கொண்டுவந்து கட்டி வளர்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாந்தோப்புகளிலேயே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பட்டுக்கூடு விற்கிற ஊர்க்காரர் நீங்கள், இதையும் கேளுங்கள்: அந்த இலைக்கூட்டைத் தைப்பதும் பட்டு நூல்தான். வளர்ந்த எறும்புக்கு அந்த நூல் வராது. தன் புழுவை வாயில் பிடித்து, தறியில் நாடா ஓட்டுவது போல இலைக்கு இலை மாற்றி மாற்றித் தொட்டுத் தைக்கும். கூட்டுக்கே நூலைக் கொடுத்துவிடுவதால் அந்தப் புழு தனக்கென்று கூடு கட்டுவதில்லை.

சரி, மாவுப்பூச்சி. இங்கேதான் உங்கள் கவலை நியாயமானது. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். எறும்பு அதைக் குடிக்கும், பதிலுக்கு, மாவுப்பூச்சியை அழிக்கும் பொறிவண்டையும் குட்டிக் குளவியையும் விரட்டும். வழிந்த இனிப்பில்தான் இலையிலும் காயிலும் கரும்பூசணம் படர்வது. ஆனால் வீரிய மருந்து முதலில் கொல்வது அந்த வண்டையும் குளவியையும். மாவுப்பூச்சி மெழுகுக்குள் பதுங்கிப் பிழைத்து, கேட்பாரில்லாமல் பெருகும். பப்பாளி மாவுப்பூச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். 2008ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று பாடாய்ப்படுத்தியது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட குட்டிக் குளவிதான் அதை அடக்கியது.

கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிய, வெள்ளைத் தூள் பூசிய புழு தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது 'பெரிய மாவுப்பூச்சி' இல்லை. ஒருவகைப் பட்டாம்பூச்சியின் புழு. மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்று, அதே மாவைத் தன்மேல் போர்த்திக்கொண்டு எறும்புகளுக்கு நடுவிலேயே வாழும். கூட்டுப்புழு ஆனதும் பார்த்தால் அசல் குரங்கு முகம். பொறிவண்டு ஒன்றின் புழுவும் இப்படி வெள்ளையாகத்தான் இருக்கும். விவரம் தெரியாமல் என் பப்பாளி மரத்தில் இரண்டு வகையையும் நானே ஒருமுறை வழித்துப் போட்டிருக்கிறேன், இன்றும் மனசு கேட்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. தரையிலிருந்து ஏறும் எறும்புக்கு, அடிமரத்தில் பாலித்தீன் பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில்லாமல் மரத்தோலில் நேராகத் தடவ வேண்டாம். தரையையும் பக்கத்து மரத்தையும் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வழியாக ஏறிவிடும். செவ்வெறும்பு மேலேயே கூடு கட்டுவதால் பட்டைக்கு அடங்காது. மாவுப்பூச்சி அதிகமான கிளையில் இருக்கிற கூட்டை மட்டும் வெட்டி இறக்குங்கள், பறிப்புக்கு முன் ஏணி சாத்தும் மரங்களிலும் அப்படியே. மாவுப்பூச்சி அப்பிய காம்புகளை நறுக்கி எடுத்த பிறகும் மிஞ்சினால், அந்த இடத்தில் மட்டும் வேப்பெண்ணெயைச் சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம். மரம் முழுக்க வேண்டாம்.

அதற்கு முன் ஒரு காலை நேரம் லென்ஸோடு தோப்புக்குப் போங்கள். தொங்கும் அந்த 'எறும்பு'க்குக் கால் எத்தனை, மாவுக்குள் வெள்ளைப் புழு இருக்கிறதா என்று பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள். போட்டோ இருந்தால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.