காரை வாங்காதீங்க தம்பி, லேப்பை வாங்குங்க

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு 26 வயசு, காரைக்குடியில நகைக்கடன் ஆபிஸ்ல வேலை. சின்ன வயசுலேர்ந்து கார் ரேஸ்னா உசுரு. அஜித் சார் துபாய்ல ஓட்டுனதப் பாத்ததுக்கு அப்பறம் சரியா தூக்கமே இல்ல. மூணு லட்சம் சேத்து வச்சிருக்கேன். தேவகோட்டையில ஒருத்தர் பழைய எஸ்டீம் விக்கிறாரு, அத வாங்கி இஞ்சின் வேலை பாத்து ரேஸ் காரா மாத்திரலாமா? இப்போதைக்கு நைட்டு பைபாஸ்ல ஃப்ரெண்ட்ஸோட ஸ்விஃப்ட்ட எடுத்துட்டுப் போயி பழகுறேன். ஆத்தாவுக்குத் தெரியாது. – பேர் வேணாம், காரைக்குடி.

பதில்: தம்பி, மொதல்ல அந்த பைபாஸ். இன்னைக்கே நிறுத்திருங்க. நம்ம பக்கத்து ரோட்டப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லணுமா, ராத்திரில மாடு நடுரோட்டுல படுத்திருக்கும், பின்னாடி லைட்டே இல்லாம வைக்கோல் ஏத்துன டிராக்டர் போகும், வாட்ச்மேன் வேலை முடிஞ்சு சைக்கிள்ல யாராச்சும் பெரியவர் வருவாரு. அவருக்கு நீங்க பழகுறீங்கன்னு தெரியாதுல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுல பொது ரோட்டுல ரேஸ் விட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 ரூபா அபராதம், இல்ல ரெண்டும். ஒங்க வண்டி இன்சூரன்ஸ் பாலிசியப் பிரிச்சுப் பாருங்க, ரேஸிங், ஸ்பீடு டெஸ்டிங் இதுக்கெல்லாம் பொருந்தாதுன்னு அதுலயே போட்டிருப்பான். செட்டிநாடு பக்கத்துல இருக்கிற பழைய ஏர்ஸ்ட்ரிப்புக்குப் போலாம்னு யாராச்சும் கூப்பிட்டா அதுக்கும் இதே பதில்தான். சென்னைப் பக்கம் சோழவரத்துலயும் போர்க்காலத்து ஏர்ஸ்ட்ரிப்லதானே ஓட்டுனாங்கன்னு கேப்பாங்க, ஓட்டுனாங்கதான், ஆனா அது கிளப் நடத்துன ரேஸ், கொடி புடிக்க ஆளு, முடிவு சொல்ல அதிகாரின்னு முறையா நடந்துச்சு. அப்பறம் அதே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் 1990ல சென்னைப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில சொந்தமா டிராக்கே போட்டாங்க.

இன்னொண்ணு, பைபாஸ்ல நீங்க பழகுறது ரேஸே இல்ல. நேர் ரோட்டுல ஆக்ஸிலேட்டர மிதிக்க எல்லாருக்கும் தெரியும். ரேஸ் ஆரம்பிக்கிறதே பிரேக்ல கால் வைக்கிற எடத்துலதான்.

இப்ப எஸ்டீமுக்கு வாரேன். நம்ம ஊர்ல பெரியவங்க கடை நடத்துனப்ப ஐந்தொகை எடுக்காம வருசம் முடியாது, நீங்களும் நகைக்கடன்ல இருக்கீங்க, கணக்கு ஒங்க கைப்பழக்கம். ஒரு நோட்ட எடுத்து ஒரு பக்கம் காரோட வெலைய எழுதுங்க. அடுத்த பக்கம் இதெல்லாம் எழுதுங்க: ரோல் கேஜ் (வண்டி கவுந்தா ஆள நசுக்காம காக்குற இரும்புக் கூடு), ரேஸ் சீட்டு, ஆறு பாயிண்ட் பெல்ட்டு, டயரு, பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலிங் வேலை, என்ட்ரி ஃபீஸு, லைசென்ஸு, ஹெல்மெட்டு, சூட்டு, காரைக்குடியிலேர்ந்து இருங்காட்டுக்கோட்டைக்கு லாரில ஏத்திட்டுப் போயி திரும்பிக் கொண்டாற வாடகை, மெக்கானிக்குக்குக் கூலியும் சாப்பாடும், ரூம் வாடகை, பெட்ரோலு. கடைசியா, மோதுனா ரிப்பேரு, அதுக்கு எந்த இன்சூரன்ஸும் வராது. ஒவ்வொண்ணுக்கும் வெல விசாரிச்சு எழுதி கூட்டுங்க, கார் வெலதான் அதுல சின்ன வரி. அதுலயும் முக்காவாசி ஒரு தடவையோட முடியாது, ஒவ்வொரு ரவுண்டுக்கும், அதாவது ஒவ்வொரு ரேஸ் வாரத்துக்கும், திரும்பத் திரும்ப வரும். ஒங்க மூணு லட்சம் மொத்தமும் ஷெட்டுக்குள்ளயே முடிஞ்சிரும், டிராக்குல ஒரு லேப், அதாவது ஒரு முழுச் சுத்து கூட ஓட்டியிருக்க மாட்டீங்க.

நான் இத அனுபவிச்சவன். எண்பதாயிரத்துக்கு ஒரு பழைய வண்டிய வாங்கி கையில இருந்த காசெல்லாம் இஞ்சின்லயே போட்டேன். ஹெட்டு வேலை, சைலன்சர், கார்புரேட்டர்னு ஒண்ணு விடல. மொத பிராக்டிஸ் அன்னைக்கு நாலாவது லேப்ல ஒரு வளைவுக்கு முன்னாடி பிரேக்க மிதிச்சா பெடல் அப்படியே தரை வரைக்கும் போவுது, வண்டி நிக்கல, மண்ணுல எறங்கி டயர் சொவத்துல முட்டித்தான் நின்னுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல, அது கடவுள் புண்ணியம். காரணம் என்னன்னா பிரேக் ஆயில் கொதிச்சிருச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், புதுசா ஊத்துன டாட் 4 ஆயில் கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறிருச்சுன்னா அதுவே 155க்கு எறங்கிரும். கொதிச்சா உள்ள ஆவி வந்துரும், ஆவிய அமுக்கலாம், ஆனா அது பிரேக்க அமுக்காது. ஸ்பீடு ஒண்ணரை மடங்கு ஆனா பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ரெண்டே கால் மடங்கு ஆகும், அப்ப இஞ்சின மட்டும் ஏத்தி பிரேக்க அப்படியே விட்டா என்னாகும்னு நீங்களே யோசிங்க. நானூறு ஐநூறு ரூபா ஆயில மாத்தாம விட்டதுல முன்பக்கம் பூரா போச்சு. அன்னைலேர்ந்து யார் கேட்டாலும் ஒரே வரிசைதான் சொல்லுறேன், மொதல்ல பிரேக்கு, அப்பறம் டயரு, அப்பறம் சீட்டும் பெல்ட்டும், அப்பறம் கூலிங்கு, இஞ்சின் கடைசி.

அப்ப என்னதான் செய்யிறதுன்னு கேப்பீங்க. கோகார்ட்ல ஆரம்பிங்க, வாடகை கார்ட்டு, மதுரையோ திருச்சியோ கோயம்புத்தூரோ எங்க நல்ல டிராக் இருக்கோ அங்க. சின்னப் பசங்க வெளையாட்டுன்னு நெனச்சிராதீங்க. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் இல்ல, ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியலும் இல்ல, பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே இரும்பு ஆக்ஸில்ல சேந்து சுத்தும், அதனால வளைவுல உள்பக்கத்துப் பின்சக்கரம் லேசா தூக்குனாத்தான் ஒழுங்கா திரும்பும், அது தூக்குறதுக்கு வெயிட்ட எங்கிட்டு மாத்தணும்னு ஒங்க கையும் காலும் தானா கத்துக்கும். எந்தப் பெரிய காரும் இத இம்புட்டு தெளிவா, இம்புட்டு கம்மி காசுல சொல்லித்தராது. டயரோட பிடி இருக்கே, அது நம்ம ஊருணித் தண்ணி மாதிரி அளவுதான். பிரேக்குக்கு முழுசா மொண்டுட்டா திருப்பறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. பிரேக்க விட விடத்தான் ஸ்டீரிங்க சேக்கணும், ஸ்டீரிங்க நேராக்க நேராக்கத்தான் ஆக்ஸிலேட்டர் குடுக்கணும். வேகமா ஓட்டணும்னு நெனக்காம பத்து லேப்பும் ஒரே டைம் வருதான்னு பாருங்க, டைம எழுதி வைங்க. பத்தும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்த அன்னைக்கு நீங்க அடுத்த படிக்கு ரெடி.

அடுத்தது ரேசிங் ஸ்கூல். சென்னை, கோயம்புத்தூர் ரெண்டு பக்கமும் நடத்துறாங்க. கோயம்புத்தூர்ல செட்டிபாளையம் பக்கத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர். நம்ம ஊர்லேர்ந்து நத்தம், திண்டுக்கல் வழியா கோயம்புத்தூர் போயிறலாம், மொதல்ல சின்ன டிராக்கே நல்லது, ஒவ்வொரு வளைவும் சீக்கிரம் திரும்ப வரும். ஸ்கூல்ல வண்டி அவங்களுது, கொடியெல்லாம் சொல்லித் தருவாங்க, அந்த சர்டிஃபிகேட்டும் டாக்டர் சர்டிஃபிகேட்டும் வச்சு இந்தியாவுல மோட்டார் ரேஸக் கட்டுப்படுத்துற சங்கமான எஃப்எம்எஸ்சிஐ குடுக்குற லைசென்ஸுக்குப் போடலாம். அப்பறம் ஒரு டீம்கிட்ட ஒரே ஒரு ரவுண்டுக்கு மட்டும் சீட்ட வாடகைக்கு எடுங்க. ஸ்விஃப்ட் 1300 சிசி இஞ்சின் வச்ச ஃபார்முலா எல்ஜிபி மாதிரி எல்லாருக்கும் ஒரே கார் இருக்கிற கிளாஸாப் பாருங்க, அதுல ஜெயிச்சாலும் தோத்தாலும் ஓட்டுறவன்தான் காரணம்னு தெளிவாத் தெரிஞ்சிரும். கோயம்புத்தூர் ரேஸ்காரர் கரிவரதன் அந்தக் காலத்துல மாருதி 800 இஞ்சின வச்சு ஃபார்முலா மாருதி செஞ்சதும் சாதாரணப் பசங்களும் ஓட்டணும்னுதான். நரேன் கார்த்திகேயன் அந்த வழியா வந்தவரு, 2005ல ஃபார்முலா ஒன்னுக்கே போயிட்டாரு. அந்த கரி டிராக்குக்கு கரிவரதன் பேருதான் வச்சிருக்காங்க.

ஒங்க ஸ்விஃப்ட்டுக்கும் ஒரு வேலை இருக்கு. டிஎஸ்டி ராலின்னு ஒண்ணு, டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ், யாரு வேகமாப் போறாங்கன்னு இல்ல, குடுத்த ஆவரேஜ்ல துல்லியமாப் போகணும், முன்னாடி வந்தாலும் பெனால்டி, பின்னாடி வந்தாலும் பெனால்டி. ஊர் சாலைல சட்டத்துக்கு உட்பட்ட ஸ்பீடுதான். பக்கத்துல ஒருத்தர் ரோடு புக்கப் படிச்சு மனசுல கணக்குப் போட்டுக்கிட்டே வரணும். இதுக்கு நம்ம ஊர்க்காரங்கள விட ஆளு எங்க கெடைக்கும்? ஆபிஸ்ல கணக்குல கெட்டிக்காரரா யாராச்சும் இருந்தா இழுத்துட்டுப் போங்க. ரேஸ் வாரக் கடைசில டிராக் ஓரத்துல கொடி காட்டுற மார்ஷல் வேலைக்கும் கேளுங்க, வளைவு ஓரத்துல நாள் பூரா நின்னு நல்ல டிரைவர் எங்க பிரேக் புடிக்கிறாருன்னு பாத்தா காசு இல்லாத பாடம் அது.

காச மிச்சம் புடிக்கக் கூடாத எடம் ஒங்க ஒடம்பு. பைக் ஹெல்மெட்ட எடுத்துட்டுப் போகாதீங்க, கார் ரேஸ் ஹெல்மெட் நெருப்பு தாங்குற மாதிரி தனியா டெஸ்ட் பண்ணது, ஸ்னெல் எஸ்ஏ முத்திரை, இல்லன்னா எஃப்ஐஏ முத்திரை இருக்கணும். அடி பட்டிருக்குமோன்னு சந்தேகம் இருக்கிற செகண்ட்ஹேண்ட் ஹெல்மெட்டு வேணவே வேணாம். கழுத்துக்கு ஹான்ஸ்ங்கிற கழுத்துக் காப்பு கண்டிப்பா போடுங்க, மோதுறப்ப தலை முன்னாடி பிச்சுக்கிட்டுப் போகாம தடுக்குறது அதுதான். ஷூ, கிளவுஸ், சூட்டு ஸ்கூல்லயோ டீம்லயோ மொதல்ல வாடகைக்குக் கெடைக்குமான்னு கேளுங்க.

அஜித் சார் கத எழுதியிருந்தீங்க. 2003ல ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏசியா, 2010ல ஃபார்முலா 2, அப்பறம் நீண்ட இடைவெளி, 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரு டீம் போர்ஷே 991 கார்களோட பிரிவுல மூணாவது. நடுவுல எத்தன வருசம் பாருங்க. ஒங்களுக்கு 26தான் தம்பி, மூணு லட்சத்த ஒரே வருசத்துல எறக்க வேணாம், ஒரு லட்சத்த மட்டும் இந்த வருசத்துக்குன்னு ஒதுக்குங்க, மிச்சம் பேங்க்லயே கெடக்கட்டும்.

ஆத்தாகிட்ட சொல்லிருங்க. ராத்திரில நீங்க எங்க போறீங்கன்னு தெரியாம அவுக முகப்புல முழிச்சு உக்காந்திருக்காகளோ என்னவோ. ஸ்கூல் நாள் அன்னைக்கு கூடவே செட்டிபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பெல்ட்டு மாட்டுறதையும் ஆம்புலன்ஸ் நிக்கிறதையும் கொடி ஆட்டுனா அம்புட்டு வண்டியும் அடங்குறதையும் அவுக கண்ணால பாக்கட்டும். தேவகோட்டைக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா திங்கக்கிழமை போயி பணிவாக் கேட்டு வாங்கிட்டு வாங்க.